ஜப்பானியர்களின் ஆதி மூதாதையர் யார்? தந்தைவழி டிஎன்ஏ என்ன சொல்கிறது?

ஜப்பானியர்கள் ஆதியில் எங்கிருந்து வந்தார்கள், அப்பா வழியில் இறங்கும் டிஎன்ஏவை வைத்து அதைச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, தமிழர்களுக்கும் அவர்களுக்கும் ரத்தத் தொடர்பு உண்டா என்றும். முதல் கேள்விக்குப் பாதி விடை தந்தைவழியில் கிடைக்கிறது. மீதிப் பாதியை வேறு இடத்தில் தேட வேண்டும். இந்த இரண்டு பாதியும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இருப்பதுதான் ஜப்பானின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

எனக்கு இதில் ஆர்வம் வந்தது ஒரு களிமண் துண்டால். ஜப்பானில் வேலை பார்த்த காலத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் பழங்காலப் பானை செய்யக் கற்றுக்கொடுக்கும் வகுப்புக்குப் போனேன். சொல்லிக்கொடுத்த அம்மா, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு முறுக்கிய நார்க் கயிறு கொடுத்தார். ஈர மண்ணின் மேல் அதை வைத்து உள்ளங்கையால் மெதுவாக உருட்டச் சொன்னார். கயிறு போன வழியெல்லாம் சாய்வாக, வரிசை வரிசையாக, நெல்மணியைப் பதித்து எடுத்ததுபோல் அச்சு விழுந்தது. அந்த அச்சுக்குத்தான் ஜோமோன் என்று பெயர், கயிற்றுத் தடம் என்று பொருள். 1877-ல் எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்கர் ரயிலில் போகும்போது ஓமோரி என்ற இடத்தில் சிப்பி மேடு ஒன்றைப் பார்த்துத் தோண்டினார். அங்கே கிடைத்த பானைகளில் இருந்த தடம் அந்த மக்களுக்கே பெயராகிவிட்டது. நெல்மணி போல் பதித்தவர்கள் வயலில் நெல் விளைந்து பார்த்ததில்லை. வேட்டை, மீன், சிப்பி, கஷ்கொட்டை என்று பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தவர்கள். அவொமோரி மாகாணத்தில் ஓதாய் யமமோத்தோ என்ற இடத்தில் கிடைத்த பானைத் துண்டுகளுக்கு வயது 16 ஆயிரம் ஆண்டுக்கு மேல்.

இந்த ஜோமோன் மக்களின் வாரிசுகள்தான் இன்றைய ஜப்பானியர்களா, அல்லது பிறகு நெல்லோடு வந்தவர்களின் வாரிசுகளா? நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்த வாதம் இது. 1991-ல் ஹனிஹாரா கசுரோ என்ற மானிடவியலாளர், இரண்டும் கலந்ததுதான் என்று மண்டையோடுகளையும் பற்களையும் வைத்துச் சொன்னார். வடகோடியில் வாழும் ஐனு பழங்குடி மக்களிடமும் தெற்குக் கோடியில் உள்ள ஒகினாவா தீவு மக்களிடமும் பழைய பங்கு அதிகம், நடுவில் உள்ள பெருந்தீவுகளில் வந்தவர்களின் பங்கு அதிகம் என்பது அவர் கணக்கு. அது சரிதானா என்று பார்க்கத்தான் டிஎன்ஏ வந்தது.

தந்தைவழி என்றால் ஒய் குரோமோசோம். அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். மற்ற குரோமோசோம்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் சீட்டுக்கட்டு மாதிரி கலைந்துவிடும். ஒய் மட்டும், இரு முனைகளைத் தவிர, கலையாமல் அப்படியே இறங்கும். எப்போதாவது ஓர் எழுத்து மாறும். அந்த மாற்றம் அதற்குப் பிறகு வரும் எல்லா ஆண் வாரிசுகளிடமும் இருக்கும். இப்படி விழுந்த மாற்றங்களை வைத்து உலகத்து ஆண்களையெல்லாம் ஒரே மரத்தின் கிளைகளாகப் பிரித்து, பெரிய கிளைகளுக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்து கொடுத்திருக்கிறார்கள்.

ஜப்பானில் ஆச்சரியம் தருவது டி கிளை. பெருந்தீவுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது இருக்கிறது. மைக்கேல் ஹாமர் குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில் ஒகினாவாவில் பாதிக்கு மேல் வந்தது. அதற்கு முன் 2004-ல் வந்த ஓர் ஆய்வில் 16 ஐனு ஆண்களில் 14 பேருக்கு டி. 16 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, அதை நினைவில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். ஆனாலும் ஹனிஹாரா சொன்னபடியே வடக்கு முனையிலும் தெற்கு முனையிலும் கூடுகிறது பாருங்கள்.

பக்கத்தில் இருக்கும் கொரியாவிலும் சீனாவின் பெரும்பகுதியிலும் டி மிகவும் அரிது. பிறகு எங்கே இருக்கிறது? திபெத்தில். அப்புறம் நம் வங்காள விரிகுடாவில், அந்தமானில். ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த தங்கராஜ், லால்ஜி சிங் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், பார்க்கப்பட்ட ஓங்கி, ஜாரவா பழங்குடி ஆண்கள் எல்லோரும் டி கிளைக்காரர்கள். இதைப் படித்துவிட்டு, அந்தமானிலிருந்து கிளம்பி ஜப்பான் போனார்கள் என்று எழுதுகிறார்கள். அப்படி இல்லை. இந்த மூன்று கொப்புகளும் பிரிந்து சுமார் 50 ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. ஒரு காலத்தில் ஆசியா முழுக்கப் பரவியிருந்த ஒரு பழைய கூட்டம், பின்னால் வந்தவர்கள் பெருகப் பெருக நடுவில் மறைந்து, மலையிலும் தீவிலும் மட்டும் மிஞ்சியது என்று பார்ப்பதே பொருந்தும். வெள்ளம் வடிந்த பிறகு மேட்டில் மட்டும் நிற்கும் பழைய மரங்களைப் போல.

சி கிளையில் ஒரு சிறு கொப்பு, சி1ஏ1, சுமார் 5 சதவீதம். இதுவும் ஏறக்குறைய ஜப்பானில் மட்டுமே. இதன் தூரத்துப் பங்காளி ஸ்பெயினில் லா பிரான்யா குகையில் 7 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் புதைந்த வேட்டைக்காரரிடம் இருந்தது. ஒரே வேரிலிருந்து ஒன்று கிழக்குக் கோடிக்கும் ஒன்று மேற்குக் கோடிக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மீதியில் பெரும்பகுதி ஓ கிளை, நெல்லோடும் அதற்குப் பிறகும் வந்தவர்களின் கிளை. அதில் ஓ1பி2 என்ற கொப்பு ஜப்பானிலும் கொரியாவிலும் சுமார் 30 சதவீதம், வேறெங்கும் குறைவு. கிமு 10-ம் நூற்றாண்டு வாக்கிலிருந்து கியூஷு தீவின் வடக்கில் வயல் வெட்டத் தொடங்கிய யாயோய் காலத்தோடு இதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஓ2 என்ற இன்னொரு கொப்பு ஜப்பானில் சுமார் 20 சதவீதம், சீனாவின் ஹான் மக்களில் பாதிக்கும் மேல். இதன் ஒரு பங்கு பிற்காலத்தில், அரசுகள் உருவான காலத்தில் வந்திருக்கலாம். 815-ல் அரண்மனை தொகுத்த குலப்பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் உள்ள 1,182 குலங்களில் 326 குலங்கள் கடல் கடந்து வந்தவை என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். டி, சி1ஏ1 இரண்டையும் ஜோமோன் காலத்துப் பழைய வழிகள் என்று வைத்தால் ஜப்பானிய ஆண்களில் சுமார் 40 சதவீதம் வருகிறது. ஆனால் முழு மரபணுத் தொகுதியையும் எடுத்துப் பார்த்தால் கதை மாறுகிறது. 2024-ல் ரிக்கென் ஆய்வு நிறுவனம் 3,256 பேரின் முழு மரபணுவைப் படித்து வெளியிட்ட ஆய்வில், ஜோமோன் பங்கு ஒகினாவாவில் 28.5 சதவீதம், மேற்கு ஜப்பானில் 13.4 சதவீதம்தான். அம்மா வழியில் இறங்கும் டிஎன்ஏவில் ஜோமோன் கால வழிகளான எம்7ஏ, என்9பி இரண்டும் சேர்ந்து பெருந்தீவுகளில் 10 சதவீதத்தைத் தொட்டால் அதிகம்.

தந்தைவழியில் 40, தாய்வழியில் சுமார் 10, மொத்தத்தில் பதினைந்துக்கு முன்பின். ஒரே மக்கள், மூன்று விடை.

இது ஏன் முக்கியம் என்றால், உலகத்தில் மற்ற இடங்களில் வழக்கமாக நேர்மாறாக நடக்கும். ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதியில் சுமார் 4 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கருங்கடலுக்கு வடக்கே உள்ள புல்வெளி மக்களின் வம்சாவளி வந்து சேர்ந்தபோது மொத்த மரபணுவில் 40 சதவீதம் மாறியது. ஆண்வழியோ ஏறக்குறைய முழுவதும் மாறிவிட்டது. உள்ளூர் ஆண்களுக்கு ஆண்வழி வாரிசு ஏறக்குறைய இல்லாமல் போயிற்று என்று அதற்குப் பொருள். ஜப்பானில் மொத்தப் பங்கைவிட உள்ளூர் ஆண்வழிதான் அதிகமாகத் தங்கியிருக்கிறது. வந்தவர்கள் உள்ளூர் ஆண்களை அழித்து நிலத்தைப் பிடித்தார்கள் என்று ஒரு கதை அடிக்கடி சொல்லப்படுகிறது. இந்த எண்களைப் பார்த்த பிறகு அதை நம்ப முடியவில்லை. பழைய குடியில் பிறந்த ஆண்கள் நெல் விவசாயத்துக்கு மாறி, வந்த குடும்பங்களில் பெண் எடுத்து, பிள்ளை குட்டிகளோடு பெருகியிருக்க வேண்டும். ஒரு சில ஆண்வழிகள் தற்செயலாகப் பெருகினாலும் இப்படி ஆகலாம் என்பதையும் சொல்ல வேண்டும். ஒய் ஒற்றை இழை என்பதால் அதில் அதிர்ஷ்டத்துக்கு இடம் அதிகம்.

2019-ல் வதனபே யூசுகே, ஓஹாஷி ஜுன் குழுவினர் 345 ஜப்பானிய ஆண்களின் ஒய் முழுவதையும் படித்தார்கள். அதில் 122 பேர், அதாவது 35.4 சதவீதம், டி கிளை. அந்தக் கிளையின் உட்பிரிவுகளை எண்ணிப் பார்த்தபோது, ஜோமோன் காலக் கடைசியில் ஆண்களின் எண்ணிக்கை சட்டென்று சரிந்து, யாயோய் காலத் தொடக்கத்தில் மறுபடி ஏறியது தெரிந்தது. குளிர் கூடி உணவு குறைந்த காலத்தில் விழுந்தவர்கள், நெல் வந்த பிறகு எழுந்திருக்கிறார்கள். படித்தபோது எனக்குப் புல்லரித்தது.

தொத்தோரி மாகாணத்தில் அஒயா கமிஜிச்சி என்ற யாயோய் காலத் தளத்தில் கிட்டத்தட்ட நூறு பேரின் எலும்புகள் ஒரு கால்வாயில் கிடைத்தன. மூன்று மண்டையோடுகளில் மூளைகூட மக்காமல் இருந்தது. அங்கே தாய்வழி பெரும்பாலும் ஆசியக் கண்டத்து வழி. தந்தைவழி பார்க்க முடிந்த சிலரிடம் ஜோமோன் கால வழிகளும் வந்தன. மேலே சொன்ன கலப்பு ஒரே ஊரில்.

இப்படி எலும்பு கிடைப்பது அங்கே பெரிய விஷயம். எரிமலை மண்ணில் அமிலம் அதிகம், எலும்பு கரைந்துவிடும். சிப்பி மேடுகளில் புதைத்தவர்கள் மட்டும் சிப்பியின் சுண்ணாம்பால் தப்பியிருக்கிறார்கள். வடகோடியில் ரேபுன் தீவின் ஃபுனதோமாரியில் 3,800 ஆண்டுகளுக்கு முன் புதைந்த ஓர் ஆணின் ஒய் படிக்கப்பட்டது. அது டி கிளைதான். அதே இடத்துப் பெண்ணின் முழு மரபணுவும் கிடைத்தது. காதுக் குறும்பி ஈரமாக இருந்திருக்கும் (இன்றைய ஜப்பானியர்களில் பெரும்பாலோருக்கு அது உலர்ந்தது), கடல் விலங்குகளின் கொழுப்பை நிறைய உண்ணும் வாழ்க்கைக்கு ஏற்ற மாற்றமும் இருந்தது. இந்த விவரமெல்லாம் ஒய் சொல்லாது, முழு மரபணுதான் சொல்லும்.

இனி தமிழ்த் தொடர்பு. ஓனோ சுசுமு என்ற புகழ்பெற்ற ஜப்பானிய மொழியியலாளர் 1980-களிலிருந்து தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று எழுதினார். நம் தமிழறிஞர் பொற்கோ அவர்களும், யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ், மனோன்மணி தம்பதியும் அவரோடு உழைத்தார்கள். பொங்கலை ஒட்டி, ஜனவரி 15-ல் ஜப்பானிலும் சிவப்புக் காராமணி மாதிரியான பயற்றைப் போட்டுக் கஞ்சி வைப்பது உண்டு, அதையும் ஒரு சான்றாகக் காட்டினார்கள். அவர்களுடைய உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. ஆனால் ஓனோ சொன்னதுபோல் தென்னிந்தியர்கள் கடல் வழியாக நெல்லைக் கொண்டுபோனார்கள் என்றால் அவர்களுடைய ஆண்வழி கொஞ்சமாவது அங்கே தங்கியிருக்க வேண்டும். நம்மிடம் மிகுதியாக உள்ள எச், எல், ஆர்2 கிளைகள் ஜப்பானில் ஏறக்குறைய இல்லை. யாயோய் கால எலும்புகளும் கொரியத் தீபகற்பத்தையே காட்டுகின்றன. 2024-ல் வெளியான, யமகுச்சி மாகாணத்து தொயிகஹாமாவில் புதைந்த 2,300 ஆண்டுப் பழைய பெண்ணின் மரபணுவும் அப்படியே. ஆகவே ரத்தத் தொடர்பு என்று சொல்ல டிஎன்ஏவில் ஆதாரம் இல்லை.

கடைசியாக ஒன்று. நான் குடியிருந்த வீட்டுக்காரர் எழுபது வயதுக்காரர், தன் குடும்பப் பெயரில் மிகவும் பெருமை உள்ளவர். வாசலில் அந்தப் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருந்தார். ஒய் பரிசோதனை செய்தால் இந்தக் குலம் எங்கிருந்து வந்தது என்று தெரியுமா என்று ஒருநாள் கேட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதுதான் தெரிந்தது, அவருடைய அப்பா நீகாத்தாவிலிருந்து வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து, மாமனாரின் பெயரைத் தனக்கு எடுத்துக்கொண்டவர். ஆண் வாரிசு இல்லாத வீட்டில் மருமகனையே சுவீகாரம் எடுப்பது அங்கே காலங்காலமாக உள்ள வழக்கம். சாதாரண மக்கள் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்தாக வேண்டும் என்ற சட்டமே 1875-ல்தான் வந்தது. பரிசோதனை செய்தால் உங்கள் அப்பா பிறந்த நீகாத்தா வீட்டின் ஆண்வழிதான் தெரியும், வாசலில் உள்ள பெயரின் வழி தெரியாது என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய், அப்பா கல்யாணத்துக்கு முன் நீகாத்தாவில் எடுத்துக்கொண்ட ஒரு போட்டோவைக் கொண்டுவந்து காட்டினார். பின்பக்கம் பழைய பெயர் பென்சிலில் எழுதியிருந்தது.