கடலடி எரிவாயுக் குழாய்கள்: கேள்வி பதில்

கேள்வி: சார், குழாய் பதிப்பதால் கடலடியில் உண்மையில் என்ன சேதம் ஆகிறது?

பதில்: குழாயைவிட, அதைப் புதைக்கத் தோண்டும் பள்ளம்தான் தொல்லை. ஆழ்கடலில் பெரும்பாலும் தோண்டுவதே இல்லை. கான்கிரீட் பூசிய எஃகுக் குழாயைக் கப்பலிலிருந்து இறக்கித் தரையில் கிடத்திவிடுவார்கள். கரையை நெருங்கும்போது நங்கூரமும் வலையும் சிக்காமல் இருக்கப் புதைத்தாக வேண்டும். மணல் தரையில் புழுவும் சிப்பியும் சில ஆண்டுகளில் திரும்ப வந்துவிடும். கடற்புல்லும் பவளமும் அப்படியல்ல, போனால் மீள வெகுகாலம் ஆகும். ஆகவே குழாய் எத்தனை கிலோமீட்டர் நீளம் என்பதைவிட எந்த இடத்தில் கரையேறுகிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கேள்வி: புயல் அடித்தாலே கடல் கலங்குகிறது. கொஞ்சம் சேறு கிளம்பினால் என்ன?

பதில்: சேற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். வட ஐரோப்பாவின் பால்டிக் கடலை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலைகள் கொட்டிய டையாக்சின் என்ற நச்சு, கன உலோகங்கள், வயல்களிலிருந்து வந்த பாஸ்பரஸ் எல்லாம் அங்கே அடியில் படிந்து கிடக்கின்றன. போதாததற்கு இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்தக் கடலிலுள்ள போர்ன்ஹோல்ம் தீவுக்கு அருகே ரசாயன ஆயுதங்களைக் கொண்டுபோய் மூழ்கடித்தார்கள். அந்த ஆயுதங்களிலிருந்த, தோலைப் புண்ணாக்கும் கடுகு வாயு என்ற நஞ்சு கட்டியாகி வலையில் ஏறிவர, அதைத் தொட்டு மீனவர்கள் புண்பட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட தரையைக் கிளறுவதும் புயல் கலக்குவதும் ஒன்றல்ல.

வழியில் கிடக்கும் பழைய கண்ணிவெடிகளைச் சில இடங்களில் அங்கேயே வெடிக்க வைத்து அகற்றுவார்கள். அந்தச் சத்தம், டால்பினைப் போன்ற கடற்பன்றிகளின் செவியையே கெடுத்துவிடும். சுற்றிலும் காற்றுக்குமிழித் திரை போட்டால் சத்தம் நன்றாகக் குறையும். செலவு பிடிக்கும் வேலைதான், ஆனாலும் செய்யத்தான் வேண்டும்.

கேள்வி: வாயு விடுமுன் குழாய் தாங்குமா என்று சோதிக்க நிரப்பும் தண்ணீர் எங்கே போகும்?

பதில்: பெரும்பாலும் திரும்பக் கடலுக்கே. துருப்பிடிக்காமலிருக்க அதில் ஆக்சிஜனை அகற்றும் ரசாயனம் சேர்ப்பார்கள், சில நேரம் கிருமிக்கொல்லியும். எங்கே, எந்த மாதத்தில், எவ்வளவு வேகத்தில் வெளியேற்றுகிறார்கள் என்று கேளுங்கள். மீன் முட்டையிடும் பருவம் என்றால் ஒத்துக்கொள்ளவே கூடாது.

கேள்வி: உடைந்தால் எண்ணெய்க் கசிவு மாதிரி கடலே நாசமாகுமா?

பதில்: இல்லை, வாயு எண்ணெயைப் போல இறகிலும் கரையிலும் ஒட்டாது. அடி விழுவது வளிமண்டலத்துக்கு. 20 ஆண்டுக் கணக்கில், எரிவாயுவின் பெரும்பங்கான மீத்தேன் கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடிக்கும். 2022 செப்டம்பரில், ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்குப் பால்டிக் கடலடியில் போகும் நார்ட் ஸ்ட்ரீம் குழாய்கள் தகர்க்கப்பட்டபோது எதிலும் வாயு ஓடிக்கொண்டிருக்கவில்லை. அழுத்தத்தில் நிரப்பி வைத்திருந்ததுதான் வெளியேறியது. அதுவே சுமார் 4,65,000 டன் மீத்தேன் என்பது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு ஒருங்கிணைத்த ஆய்வின் மதிப்பீடு. மிக ஆழமான கடலில் சிறு கசிவு என்றால் குமிழிகள் மேலே வருமுன் கரையும், நுண்ணுயிர்களும் ஒரு பங்கைத் தின்னும். ஆனால் நார்ட் ஸ்ட்ரீம் உடைந்த இடத்தில் ஆழம் 100 மீட்டருக்கும் குறைவு. பீறிட்டதில் பெரும்பகுதி நேராகக் காற்றில் கலந்துவிட்டது.

கேள்வி: சதி நடந்தால்தான் உடையுமா?

பதில்: நங்கூரம் போதும். 2023 அக்டோபரில் பின்லாந்து, எஸ்டோனியா இடையிலான பால்டிக்கனெக்டர் குழாயை இழுபட்ட நங்கூரம் ஒன்று கிழித்தது. அப்புறம் துரு, கடலடி நிலச்சரிவு.

கேள்வி: சரி, நீங்கள் ஆதரவா, எதிர்ப்பா?

பதில்: திட்டத்தைப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஐரோப்பாவில் எல்லை தாண்டும் குழாய்களுக்கு 1991-இன் எஸ்போ உடன்படிக்கை இருக்கிறது. பாதிக்கப்படக்கூடிய அண்டை நாட்டிடமும் முன்கூட்டியே கருத்துக் கேட்க வேண்டும் என்கிறது அது. திட்டத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் மாற்று வழித்தடங்களை ஒப்பிடும் பகுதிக்குப் போங்கள். அங்கே ஒரே ஒரு வழியை மட்டும் விரிவாக ஆராய்ந்து, மற்றவற்றை ஒரு பத்தியில் தள்ளிவிட்டிருந்தால், முடிவை எடுத்துவிட்டு அறிக்கை எழுதியிருக்கிறார்கள் என்று நான் சந்தேகப்படுவேன்.