ஆய்விதழ்களும் எழுத்துத் திருட்டும்: கேள்வி-பதில்

கேள்வி: எழுத்துத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருளின் அறிக்கையில் என் கட்டுரைக்கு 18 விழுக்காடு ஒற்றுமை வந்துள்ளது. ஆய்விதழுக்கு அனுப்பலாமா? (ஆய்வு மாணவர், ராணிப்பேட்டை)

பதில்: எந்த மென்பொருள், துணைநூற்பட்டியலையும் மேற்கோள்களையும் நீக்கிய பின் வந்த எண்ணா என்பதையெல்லாம் எழுதாமல் எண்ணை மட்டும் அனுப்பினால் நான் சோதிடம்தான் சொல்ல வேண்டியிருக்கும். எடுத்துக்காட்டாக, தோல் ஆலைக் கழிவுநீரில் குரோமியத்தை அளக்கும் முறையை எழுதுகிற எல்லாரும் ஏறக்குறைய ஒரே தொடர்களைத்தான் எழுதுவார்கள். அங்கே மூலத்தைச் சுட்டிவிட்டுச் சுருக்கமாக முடியுங்கள். முடிவுரையில் வேறொருவர் கட்டுரையின் பத்தி ஒன்று அப்படியே இருந்தால், மொத்தம் 5 விழுக்காடாக இருந்தாலும் அது திருட்டே. நூலையும் பக்கத்தையும் குறிப்பெடுக்கும்போதே எழுதி வையுங்கள்.

கேள்வி: ஒரே கட்டுரையை இரண்டு ஆய்விதழ்களுக்கு அனுப்பி, முதலில் ஏற்பவருக்குத் தரலாமா? (உதவிப் பேராசிரியர், ஆம்பூர்)

பதில்: கூடாது.

கேள்வி: எங்கள் கல்லூரிக்கு அருகிலுள்ள கணினி மையத்தில் விழுக்காட்டைப் பத்துக்குள் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார்கள். இது முறையா? (முனைவர் பட்ட மாணவி, காட்பாடி)

பதில்: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள் 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை என்றன, அந்த ஒரு வரியை வைத்து ஒரு தொழிலே முளைத்துவிட்டது. 10 முதல் 40 வரை வந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும், 60ஐத் தாண்டிய ஆய்வேட்டுக்குப் பதிவே ரத்தாகும் என்று அதே விதிகள் சொல்வதை இந்த மையங்கள் சொல்வதில்லை. இவர்கள் செய்வதெல்லாம் சொல்லுக்குச் சொல் மாற்றுவது, ஆங்கில எழுத்துக்குப் பதில் அதே உருவுள்ள ரஷ்ய எழுத்தை வைப்பது, இடைவெளிகளில் வெள்ளை நிற எழுத்துகளை ஒளிப்பது ஆகியவைதான். இவற்றில் பலவற்றை இன்றைய மென்பொருள்கள் தனியே சுட்டிக்காட்டுகின்றன. இயந்திரம் மாற்றிய சொற்களோ இன்னும் கேவலம்: ‘பிரெஸ்ட் கேன்சர்’ (மார்பகப் புற்றுநோய்) என்பது ‘புஸம் பெரில்’ (மார்பு ஆபத்து) ஆகி அச்சேறியிருப்பது போன்றவற்றை 2021இல் பிரான்சின் கணினி அறிவியலாளர் கபனாக்கும் அவரது குழுவினரும் வெளிக்கொணர்ந்தனர், அத்தகைய தொடர்களைத் தேடியே பல கட்டுரைகள் பின்னர் திரும்பப் பெறப்பட்டன. மையத்தார் உங்கள் ஆய்வேட்டை, ஏற்றுவதையெல்லாம் சேமித்துவைக்கும் மென்பொருள் கணக்கில் ஏற்றிவிட்டால், சேர்க்காட்டிலுள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தில் நீங்கள் ஒப்படைக்கும் நாளில் உங்கள் எழுத்தே உங்களுக்கு எதிராக நூறு விழுக்காடு காட்டக்கூடும். பணம் கொடுத்து வினையை வாங்காதீர்கள். நெறியாளரிடம் அறிக்கையைக் கொண்டுபோய் வரிவரியாகப் பாருங்கள்.

கேள்வி: தமிழில் எழுதினால் மென்பொருள் பிடிக்காது என்கிறார்களே? (ஆய்வாளர், ஆரணி)

பதில்: பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவையும், ஒளிப்படமாக ஏற்றிய ஆய்வேடுகளும் அதன் கண்ணில் படாமல் போகலாம், அதே நூலைப் படித்த புறத்தேர்வாளரின் கண்ணில் படாமல் போகாது. ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கிப் பெயர் சொல்லாமல் வைப்பதும் திருட்டுதான். குறள் பொதுச்சொத்து என்பதால் அதன் உரையும் பொதுச்சொத்து என்று எண்ணிக்கொண்டு, உரையாசிரியரின் விளக்கத்தைத் தம் விளக்கமாக எழுதுபவர்கள் நம் தமிழ்த்துறைகளில் குறைவில்லை. மீண்டும் சொல்கிறேன்: நூலும் பக்கமும் குறிப்பெடுக்கும்போதே.

கேள்வி: சாட்ஜிபிடியை இணையாசிரியராகப் போடலாமா? (மாணவர், வாணியம்பாடி)

பதில்: பொறுப்பேற்க முடியாத ஒன்று ஆசிரியராக முடியாது என்று வெளியீட்டு நெறிமுறைக் குழுவான ‘கோப்’ 2023இலேயே சொல்லிவிட்டது; பயன்படுத்தியிருந்தால் எங்கே, எதற்கு என்று கட்டுரையில் குறிப்பிடுங்கள்.

கேள்வி: நான் வெளியிட்ட கட்டுரை வேறொருவர் பெயரில் வந்துள்ளது. முகநூலில் போட்டுவிட்டேன். அடுத்து என்ன செய்வது? (விரிவுரையாளர், குடியாத்தம்)

பதில்: அவசரப்பட்டுவிட்டீர்கள், பதிவை எடுத்துவிடுங்கள். இரு கட்டுரைகளின் ஒத்த பகுதிகளை எதிரெதிரே வைத்து ஒரு பட்டியல் செய்து, உங்கள் கட்டுரை வெளிவந்த நாளுக்கான சான்றோடு, பிந்தைய கட்டுரையை வெளியிட்ட இதழின் ஆசிரியருக்கு எழுதுங்கள். நகலை உங்கள் இதழின் ஆசிரியருக்கும் அனுப்புங்கள். நெறிமுறையுள்ள இதழ் முதலில் அந்தக் கட்டுரையைத் தம் பெயரில் வெளியிட்டவரிடம் விளக்கம் கேட்கும், விளக்கம் பொருந்தாவிட்டால் அவரது நிறுவனத்துக்கு எழுதும், கட்டுரையைத் திரும்பப் பெறும். இதற்குச் சில மாதங்கள் ஆகும். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழாக இருந்தால் பதிலே வராது. அப்போது அவரது பல்கலைக்கழகத்தின் கல்வி நேர்மைக் குழுவுக்கு நேரடியாக எழுதலாம்.