கை வைக்கும் முன் கண்ணால் பார்: ஆம்புலன்ஸ் பயிற்சி கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 108 வேலை பற்றியவை. ஆள் எடுப்பு முகாம் அறிவிப்பு வெளியானால் இப்படித்தான் குவியும். ஒரே விஷயத்தைப் பத்துப் பேர் கேட்டிருந்தால் ஒரே பதிலாகச் சேர்த்துவிட்டேன். "டீடெயில்ஸ் ப்ளீஸ்" என்று மட்டும் எழுதிய நான்கு பேருக்குப் பதில் இல்லை. என்ன படிப்பு, என்ன வயது, எந்த ஊர் என்று எழுதாமல் நான் என்ன சொல்வது? நோயாளியிடமே நாலு கேள்வி கேட்காமல் நாங்கள் மருந்துப் பெட்டியைத் திறப்பதில்லை.

பி.எஸ்சி. விலங்கியல் முடித்தவன். நர்சிங் தெரியாது. 108-இல் மருத்துவ உதவியாளராகச் சேர முடியுமா?
*திருவண்ணாமலை வாசகர்*

முடியும். நர்சிங், அதில் ஏஎன்எம், ஜிஎன்எம் மாதிரிப் படிப்புகள், டிஎம்எல்டி என்ற ஆய்வக டிப்ளமோ படித்தவர்களோடு விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் மாதிரிப் பட்டம் வாங்கியவர்களையும் எடுக்கிறார்கள். வயது 19-இலிருந்து 30. எழுத்துத் தேர்வு, உடற்கூறும் முதலுதவியும் பற்றிக் கொஞ்சம், அப்புறம் நேர்முகம். தேறினால் 50 நாள் அளவுக்குப் பயிற்சி: வகுப்பறை, மருத்துவமனை, வண்டி மூன்றிலும். வேலை 12 மணி நேர ஷிப்ட், பகலும் வரும், இரவும் வரும். சம்பளம் 20 ஆயிரத்தை ஒட்டி. சொந்த ஊரிலேயே போடுவார்கள் என்ற கனவோடு வராதீர்கள்.

இன்னொன்று. 2008-இல் இங்கே 108 வந்ததிலிருந்து இதை அரசு வேலை என்றே பலர் நினைக்கிறார்கள். பணம் அரசுடையது, ஆளை வேலைக்கு வைப்பது வண்டிகளை நடத்தும் நிறுவனம். முகாமுக்குக் கட்டணம் கிடையாது. "மேலிடத்தில் ஆள் இருக்கு, 1 லட்சம் கொடு" என்று யாராவது வந்தால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஓட்டுநர் வேலைக்கு என்ன தகுதி? எனக்கு வண்டியை நல்ல வேகமாக ஓட்டத் தெரியும்.
*பெயர், ஊர் எழுதவில்லை*

பத்தாம் வகுப்பு, வயது 24-இலிருந்து 35, உயரம் 162 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், லைசென்ஸ் வாங்கி 3 வருடம், வாடகை, பொது வண்டி ஓட்டுவதற்கான பேட்ஜ் வாங்கி 1 வருடம். வேகத்தைப் பற்றி நேர்முகத்தில் வாயைத் திறக்காதீர்கள். பின்னால் ஒருவர் நின்றபடி நோயாளியின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருப்பார். நீங்கள் ஒரு சடன் பிரேக் போட்டால் அவர் தலை கேபின் கதவில். எங்கள் வண்டிகளில் ஓட்டுநரைப் பைலட் என்போம். இறங்கினால் ஸ்ட்ரெச்சரின் இன்னொரு முனை அவருடையது, அதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வருடச் சான்றிதழ் படிப்பு நல்லதா, நாலு வருட பி.எஸ்சி. நல்லதா?
*நாமக்கல் வாசகி*

வீட்டு நிலைமையைப் பொறுத்தது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் எமர்ஜென்சி கேர் டெக்னீஷியன் ஒரு வருடப் படிப்பு இருக்கிறது, செலவு குறைவு, நோயாளிகள் ஏராளம். எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் விபத்து, அவசர சிகிச்சை பி.எஸ்சி. மூன்று வருடமும் ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும். பெரிய மருத்துவமனை, வெளிநாடு என்று மனசில் இருந்தால் அது. எதில் சேர்ந்தாலும் இரவு 2 மணிக்கு கேஷுவாலிட்டியில் எத்தனை நாள் நிறுத்துவார்கள் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

'சீன் சேஃப்டி' என்று ஒரு நாள் முழுக்கப் பாடம் எடுக்கிறார்கள். ரத்தத்தை நிறுத்துவது எல்லாம் எப்போது வரும்?
*பயிற்சியில் இருக்கும் மாணவர், மதுரை*

வரும் தம்பி. அதுவரை நீங்கள் உயிரோடு இருக்க வேண்டும், அதற்காகத்தான் அந்த ஒரு நாள். ஒருமுறை பம்புசெட் கொட்டகை ஒன்றுக்குப் போனோம். ஒருவர் குப்புறக் கிடக்கிறார், பக்கத்தில் வாளி உருண்டிருக்கிறது, தரையெல்லாம் ஈரம். வண்டி நிற்பதற்குள் என்னோடு வந்த பயிற்சி மாணவன் குதித்து ஓடினான். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன், பட்டன் இரண்டு தெறித்தது. கிடந்தவரின் தொடைக்குக் கீழே அறுந்த ஒயர். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கச் சொல்லி, பிடுங்கியாயிற்று என்று குரல் வந்த பிறகுதான் கிட்டே போனோம். கை வைக்கும் முன் கண்ணால் பார். ஒயர், கேஸ் வாசனை, கிணறு, எதிரில் வரும் லாரி, கையில் அரிவாளோடு நிற்கும் மச்சான், எல்லாம் இதில் அடக்கம்.

ஆன்லைனில் 3 மணி நேரத்தில் சிபிஆர் (இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தும் முதலுதவி) சான்றிதழ் தருகிறார்கள். வேலைக்கு அது போதுமா?
*கோவை, சேலம், தஞ்சாவூரிலிருந்து மூன்று பேர்*

போதாது. இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆள் எடுப்பில் உட்கார்ந்திருந்தேன். லேமினேட் செய்த ஐந்து சான்றிதழோடு ஒரு பையன் வந்தான். தரையில் கிடந்த பொம்மையைக் காட்டி, "இவர் இப்போதுதான் விழுந்தார், செய்" என்றேன். தோளைத் தட்டிக் கூப்பிடவில்லை. மூச்சு இருக்கிறதா என்று பார்க்கவில்லை. மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் வைக்க வேண்டிய கையை வயிற்றுக்கு மேலே வைத்து, முழங்கையை மடக்கி, சப்பாத்தி மாவு பிசைவதுபோல் பிசைந்தான். முப்பது எண்ணிக்கையைப் பத்து நொடியில் முடித்துவிட்டு என்னைப் பார்த்தான். எங்கே பழகினாய் என்றேன். வீட்டில், தலையணையில், என்றான். பொம்மையைத் தொட்டதே அன்றைக்குத்தான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. காசை வாங்கிக்கொண்டு பிடிஎஃப் அனுப்பியவர்கள்மேல் இன்னும் தீரவில்லை.

பெரியவருக்கு நெஞ்சு 5 சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும், ஒரு தீப்பெட்டியை நிறுத்தி வைத்த உயரம். அதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பதைத் தலையணை சொல்லாது. நிமிடத்துக்கு 100-இலிருந்து 120, அதாவது முப்பது அழுத்தத்துக்கு 15 நொடிக்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுசாக மேலே வர விட வேண்டும். பாதிப் பேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள், கையின் பாரத்தை எடுப்பதே இல்லை. நெஞ்சு மேலே வராவிட்டால் இதயத்துக்குள் ரத்தம் நிரம்பாது, நீங்கள் வெறும் பையை அழுத்துகிறீர்கள். இரண்டு நிமிடத்தில் உங்கள் சட்டை நனைந்துவிடும். அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றச் சொல்கிறோம்.

வீடியோவில் வராதவை இன்னும் இருக்கின்றன. கயிற்றுக் கட்டிலில் கிடக்கிறவரைத் தரையில் இறக்காமல் அழுத்தினால் கட்டில்தான் அமுங்கும், நெஞ்சு அமுங்காது. வயதானவருக்கு விலா எலும்பு சடக்கென்று முறியும், அந்தச் சத்தம் கேட்டதும் பழகாத கை தானாக நின்றுவிடும். நிற்கக் கூடாது, கை சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடர வேண்டும். இதயம் நின்றவர் கரையில் போட்ட மீன்போல் எப்போதாவது ஒருமுறை வாயைத் திறந்து இழுப்பார். "மூச்சு இருக்கு சார்" என்று சொந்தக்காரர்கள் உங்கள் கையைப் பிடிப்பார்கள். அது மூச்சில்லை. அதை மூச்சென்று நம்பி அழுத்தாமல் இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் பிஎல்எஸ் என்ற அடிப்படை உயிர்காப்பு வகுப்பிலும் ஆன்லைன் பகுதி உண்டு. ஆனால் பொம்மையின்மேல் செய்து காட்டித் தேறாமல் அட்டை கையில் வராது, வந்தாலும் 2 வருடம்தான் செல்லும். பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒரு பொம்மைக்கு எத்தனை பேர், நான் எத்தனை தடவை முழு 2 நிமிடம் அழுத்துவேன்?" பதில் இழுத்தால் பர்ஸை மூடிவிடுங்கள்.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்து கொடுக்கலாமா?
*கரூர் வாசகர்*

கூடாது. சுற்றியுள்ள பொருளை நகர்த்துங்கள், தலைக்கடியில் துணி, நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எத்தனை நிமிடம் வந்தது என்று கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், எதையும் திணிக்காதீர்கள்.

பாம்புக்கடிக்குப் போனால் கடித்த பாம்பையும் அடித்துக் கொண்டுவர வேண்டுமா? இறுக்கிக் கட்டியிருந்தால் அவிழ்க்கலாமா?
*விழுப்புரம் வாசகர்*

பாம்பு வேண்டாம். அதைத் தேடி வரப்புக்குள் போய் இரண்டாவது ஆளும் கடிபட்டு வந்த கதை எங்களிடம் இருக்கிறது. நம் ஊரில் போடும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்ந்தது. எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் மருத்துவர் ரத்தம் உறைகிறதா என்று 20 நிமிடம் கண்ணாடிக் குழாயில் வைத்துப் பார்ப்பார், கண் இமை சொருகுகிறதா என்று பார்ப்பார்.

இறுக்கமான கட்டை வழியில் சட்டென்று அவிழ்க்காதீர்கள். தேங்கிய விஷம் ஒரே மூச்சில் ஏறும். மருந்து தயாராக இருக்கும் இடத்தில், மருத்துவர் முன்னால்தான் அவிழ்க்க வேண்டும். கட்டு போடாதவருக்கு நீங்களாகக் கட்டவே கட்டாதீர்கள். எலும்பு முறிவுக்கு வைப்பதுபோல் பலகை வைத்துக் காலை ஆடாமல் வைத்தால் போதும். கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் சினிமா. தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து, இமை சொருகி, பேச்சு குழறினால், கடித்த தடமே தெரியாவிட்டாலும் கட்டு விரியனை நினையுங்கள். அவருக்கு மூச்சு தடுமாறினால் மருத்துவமனை போய்ச் சேரும்வரை கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கை விடாமல் அழுத்துவதுதான் உங்கள் வேலை.

பஸ் கவிழ்ந்த இடத்தில் முதலில் யாரைத் தூக்குவது? அதிகமாகக் கத்துகிறவரையா?
*கள்ளக்குறிச்சி வாசகி*

கத்துகிறவருக்கு மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது என்று அர்த்தம். சத்தமில்லாமல் கிடப்பவரிடம் போங்கள். நடக்க முடிந்தவர்களை ஒரு மரத்தடிக்குப் போகச் சொல்லுங்கள், அவர்களுக்குப் பச்சை அட்டை, காத்திருக்கலாம். மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல், அல்லது நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்ப 2 நொடிக்கு மேல், அல்லது சொன்னதைச் செய்யத் தெரியவில்லை: மூன்றில் ஒன்று இருந்தாலும் சிவப்பு அட்டை, முதலில் தூக்க வேண்டியவர். மீதி மஞ்சள், அதற்கு அடுத்து. ஒருவரிடம் அரை நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். அதற்கும் முன்னால் பஸ் இன்னும் உருளுமா, டீசல் ஒழுகுகிறதா? கை வைக்கும் முன் கண்ணால் பார்.

விபத்தில் விழுந்தவரின் ஹெல்மெட்டைக் கழற்றலாமா?
*ஈரோடு வாசகர்*

மூச்சு நன்றாக இருந்து, அது தடையாகவும் இல்லையென்றால் அவசரப்படாதீர்கள். கழற்றியே ஆக வேண்டுமென்றால் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கழுத்தையும் தாடையையும் ஆடாமல் பிடிக்க, இன்னொருவர் உருவ. தனியாக இருந்து இழுத்துப் பார்க்காதீர்கள். சோடா வேண்டாம், தண்ணீர் வேண்டாம், வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

உதவப் போனால் போலீஸ் கேஸில் மாட்டிவிடுவார்களா?
*திண்டுக்கல் வாசகர்*

வழிப்போக்கராக நல்லெண்ணத்தோடு உதவினால் மாட்டீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவு உங்களைக் காக்கிறது. பெயர் சொல்லக்கூட வேண்டியதில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு பணியில் இருக்கும் ஆம்புலன்ஸ் ஊழியர் இந்தக் கணக்கில் வரமாட்டார். அவருக்குக் காவல் அவர் எழுதும் கேஸ் ஷீட்தான். எத்தனை மணிக்குப் போனேன், நாடி எத்தனை, என்ன செய்தேன் என்று அன்றைக்கே எழுதுங்கள்.

பெண்கள் இந்த வேலைக்கு வரலாமா? வீட்டில் பயப்படுகிறார்கள்.
*அரியலூர் வாசகி*

தாராளமாக. நான் பார்த்ததில் வண்டிக்குள் பிரசவம் பார்ப்பதில் கை நடுங்காதவர்களில் பாதிப் பேர் பெண்கள். குழந்தையின் தலை தெரிந்துவிட்டால் வண்டியை ஓரங்கட்டச் சொல்ல வேண்டும், ஓட்டிக்கொண்டே எடுக்க முடியாது. காலைச் சேர்த்துப் பிடித்துத் தடுக்கவே கூடாது. எங்கள் மாணவி ஒருத்தி முதல் மாதத்திலேயே சாலையோரம் ஒரு பிரசவம் பார்த்தாள். குழந்தையை நன்றாகத் துடைத்து, அம்மாவின் நெஞ்சோடு ஒட்டிப் படுக்க வைத்து, இரண்டையும் சேர்த்துப் போர்த்தி, ஒரு நிமிடம் கழித்துத்தான் தொப்புள்கொடிக்குக் கிளிப் போட்டிருக்கிறாள். இரண்டு கிளிப், நடுவில் வெட்டு. பாடத்தில் இருப்பது அப்படியே. அதைக் கேட்டு எனக்கு ஒரு வாரம் வகுப்பெடுக்கவே உற்சாகமாக இருந்தது. ராத்திரி ஷிப்ட் பற்றி வீட்டில் முதலிலேயே பேசிவிடுங்கள், சேர்ந்த பிறகு அல்ல.

கண்டக்டர் லைசென்ஸுக்கு எடுத்த முதலுதவிச் சான்றிதழைக் காட்டி 108-இல் சேரலாமா?
*சிவகங்கை வாசகர்*

முடியாது. அது வேறு.

பயிற்சிக்கு முதல் நாள் என்ன கொண்டுபோக வேண்டும்?
*திருச்சி வாசகர்*

நொடி முள் உள்ள கைக்கடிகாரம், மூச்சையும் நாடியையும் எண்ண. பைக்குள் நுழையும் சின்ன நோட்டு, இரண்டு பேனா. நகத்தை வெட்டிவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் கையுறை கிழியும். செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ. சாக்ஸ் இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் சேர்கிறீர்கள்.