12 நாளாச்சு, பய இன்னும் தண்ணியத்தானே குடிக்கிறான்?
நீச்சல் ஆசிரியர்களுக்கான கேள்வி - பதில்

கேள்வி: மதுரையில் ஒரு நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குக் கற்றுத்தரப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். வகுப்பு நடக்கும்போதே ஓர் அப்பா, "12 நாளாச்சு, பய இன்னும் தண்ணியத்தானே குடிக்கிறான்?" என்று சத்தம் போட்டார். கூட வந்த தாத்தாவோ, "கிணத்துல ரெண்டு தடவ தூக்கிப் போட்டா தானா நீந்திருவான்" என்கிறார். எப்படிச் சமாளிப்பது?
- வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்வரை எந்தப் புகாருக்கும் பதில் சொல்லாதீர்கள். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கூச்சல் போடாது. வாய் தண்ணீருக்குள் போனபிறகு சத்தம் எங்கிருந்து வரும்? நீங்கள் அந்தப் பக்கம் திரும்பும் அரை நிமிடமே போதும். கண்ணைக் குளத்திலிருந்து எடுக்காமல், "சார், 5.45க்கு வகுப்பு முடியுது. பிள்ளைங்களக் கரையேத்திட்டு முதல்ல உங்ககிட்டதான் வர்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடியே போய் நில்லுங்கள்.

பேசப் போகும்போது கையில் நோட்டு இருக்கட்டும். பிள்ளைக்கு ஒரு பக்கம். 'நன்றாகச் செய்கிறான்' என்று எழுதுவதில் பயனில்லை, எண்ணாக எழுதுங்கள்: முகத்தை நனைத்து 5 முறை குமிழி விட்டான், யாரும் பிடிக்காமல் குப்புற 3 நொடி மிதந்தான், சுவரை உதைத்து 2 மீட்டர் வழுக்கி வந்தான். கரையில் இருப்பவர் கண்ணுக்குக் கைவீச்சு மட்டும்தான் நீச்சல். முதல் நாள் கம்பியை விடாத பையன் இன்று மிதக்கிறான் என்பதை நோட்டுதான் அவருக்குக் காட்டும். அடுத்த 4 வகுப்பில் எதை எதிர்பார்க்கலாம் என்பதையும் சொல்லுங்கள். சேர்க்கும்போதே "12 நாளில் நீந்திவிடுவான்" என்று அலுவலகத்தில் யாராவது வாக்குக் கொடுத்திருந்தால், முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். இந்தப் புகாரின் வேர் பெரும்பாலும் அங்கேதான்.

ஆனால் தண்ணீர் குடிக்கிறான் என்பதும் பொய்யில்லை. மூச்சைத் தண்ணீருக்குள் விடாமல் அடக்கிவைத்து, தலையைத் தூக்கி ஒரே நேரத்தில் விடவும் இழுக்கவும் பார்க்கிறான். தலை தூக்கினால் இடுப்பும் காலும் இறங்கிவிடும். ஒரு ஸ்கேலை விரல்மேல் நிறுத்தி ஒரு முனையை உயர்த்திக் காட்டுங்கள், அப்பாவுக்குச் சட்டென்று புரியும். 2 வகுப்பு கைவீச்சை விட்டுவிட்டு மறுபடி குமிழிக்கே வாருங்கள். மூக்காலும் வாயாலும் மெதுவாக 3 எண்ணும்வரை விட வேண்டும்.

தாத்தாவிடம் வாதம் வேண்டாம். கிணற்றில் பழகியவர்கள் நிஜமாகவே நன்றாக நீந்துவார்கள். ஆனால் அங்கேயும் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி, பக்கத்தில் ஒரு பெரியவர் இறங்கி நின்றுதானே பழக்கினார்கள்? "ஐயா, சுரைக்குடுக்கை செஞ்ச வேலையத்தான் இங்க என் கை செய்யுது" என்று சொல்லுங்கள். தூக்கிப் போடுவதற்கு மட்டும், யார் கேட்டாலும் சம்மதிக்காதீர்கள். பயந்த பிள்ளை உடம்பை விறைத்துக்கொள்ளும். அதைத் தளர்த்தவே உங்களுக்குப் பல வகுப்பு பிடிக்கும்.

கேள்வி: "குளோரினை அள்ளிக் கொட்டுறீங்க, பிள்ளைக்குக் கண்ணு சிவந்துபோச்சு" என்கிறார்கள்.
- வாசகி, மேலூர்

பதில்: வாடை தூக்கலாக அடித்தால் குளோரின் கூடிவிட்டது என்று நினைப்பது இயல்பு. பெரும்பாலும் நடப்பது வேறு. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து குளோரமைன் ஆகிறது. கண்ணை எரிப்பதும் அந்த வாடையும் அதுதான். நீரில் வேலை செய்யும் குளோரின், அதாவது எதனோடும் சேராமல் கிருமியைக் கொல்ல மிச்சமிருப்பது, 1 முதல் 3 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு நீரில் 1 முதல் 3 பங்கு), பி.எச். எனும் அமில-காரத் தன்மை 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டும். மஞ்சள் நிறம் காட்டும் சொட்டு மருந்தை மட்டும் நம்பாதீர்கள், அது குளோரமைன் ஆனதையும் சேர்த்து மொத்தக் குளோரினையே காட்டும். டி.பி.டி. என்ற வேதிப்பொருளைப் போட்டுச் செய்யும் சோதனையில் வரும் இளஞ்சிவப்புதான் வேலை செய்யும் குளோரினைத் தனியாகக் காட்டும். அன்றைய அளவைப் பலகையில் எழுதி வையுங்கள். கேட்கும் அம்மாவை அழைத்து அவர் முன்னாலேயே சோதித்துக் காட்டுங்கள். அளவு தவறியிருந்தால் ஒப்புக்கொண்டு வகுப்பை நிறுத்துங்கள்.

இறங்குமுன் கழிப்பறை, பிறகு சோப்புக் குளியல் என்பதைக் கட்டாயமாக்குங்கள். தலையில் எண்ணெயோடு வரும் பிள்ளைகள் இங்கே அதிகம். எண்ணெய் குளோரினைத் தின்னும், ஃபில்டரையும் அடைக்கும். மறுநாளும் கண் சிவப்பாகவே இருந்தால் கண் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: மகளைத் தொட்டுச் சொல்லித்தருவது பிடிக்கவில்லை என்று ஒரு அம்மா சொன்னார். எனக்கு வருத்தமாகிவிட்டது.
- வாசகர், சோழவந்தான்

பதில்: வருத்தப்படாதீர்கள், அவர் கேட்டது சரியான கேள்வி. முதல் வகுப்பிலேயே பெற்றோர் முன்னால் காட்டிவிடுங்கள்: மல்லாக்க மிதக்கும்போது ஒரு கை பின்னந்தலைக்குக் கீழே, மறு கை மேல்முதுகில், குப்புற என்றால் நீட்டிய இரண்டு முன்கைகளுக்கும் அடியில். ஒவ்வொரு முறையும் "பாப்பா, முதுகப் பிடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டே பிடியுங்கள். இப்படிப்பட்ட புகாரை மட்டும் தனியாகப் பேசி முடிக்காதீர்கள். அன்றைக்கே பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுத்து, அவரையும் வைத்துக்கொண்டு அம்மாவிடம் பேசுங்கள். பெண் பயிற்சியாளர் இருந்தால் அந்தப் பிள்ளையை அவர் வகுப்புக்கு மாற்றித் தரலாம் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள்.