ரீமேப் செய்த காருக்கு வாரன்டி உண்டா?

கேள்வி: என் டர்போ டீசல் காரின் வாரன்டி முடிய இன்னும் ஓராண்டு இருக்கும் நிலையில், வெளியில் ஈசியூவை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியை) ரீமேப் செய்துகொண்டேன்; அதாவது, கூடுதல் சக்திக்காக அதன் மென்பொருளை மாற்றிக்கொண்டேன். பழைய மென்பொருளையே மறுபடி ஏற்றிவிட்டு சர்வீஸுக்கு விட்டால் கண்டுபிடிப்பார்களா? (ஈரோடு வாசகர்)

பதில்: பல கார்களில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஈசியூவில் எத்தனை முறை மென்பொருள் எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை தனியே பதிவாகும். பழைய மென்பொருளை ஏற்றுவதும் அந்தக் கணக்கில் ஒன்று கூடுவதுதான். ஃபோக்ஸ்வாகன் குழும கார்களில் இத்தகைய மாற்றம் தெரிந்தால், நிறுவனத்தின் கணினியில் அந்தக் காருக்கு 'டிடி1' என்ற குறியீடு ஏறிவிடும். அதன்பின் நீங்கள் எந்த ஊர் டீலரிடம் போனாலும் அது திரையில் தெரியும்.

காசு கொடுத்துச் செய்யும் ஆயில் மாற்றம் போன்ற சர்வீஸுக்குப் பெரும்பாலும் தடை இராது. சிக்கல் டர்போ, இன்ஜெக்டர், கியர்பாக்ஸ் ஆகியவற்றில்தான். ரீமேப் என்பது டர்போ அழுத்தத்தையும் டீசல் அளவையும் கூட்டி முறுக்குவிசையை உயர்த்துவதாகையால், அந்தச் சுமை விழும் பாகங்களுக்கு வாரன்டி கேட்டால் மறுப்பார்கள். என் பார்வையில் அது நியாயமே. ஆனால் ஜன்னல் கண்ணாடி மோட்டார் பழுதானதற்கும் ரீமேப்பையே காரணம் காட்டினால், மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்கி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

இன்னொன்று: சர்வீஸின்போது நிறுவனம் புதிய மென்பொருளை ஏற்றினால், நீங்கள் பணம் கொடுத்துச் செய்த ரீமேப் சொல்லாமல் கொள்ளாமல் அழிந்துபோகும்.