பனிக்கு அடியில்

அன்புள்ள ஐயா,

2022-இல் அண்டார்டிகாவின் பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில் பனி முன்னதாகவே உடைந்து, எம்பரர் பெங்குவின் குஞ்சுகள் கூண்டோடு அழிந்த செய்தியை இப்போதுதான் படித்தேன். சோறு இறங்கவில்லை. என் ஏழு வயது மகளுக்குப் பெங்குவின் என்றால் உயிர். அவளிடம் இதைச் சொல்லலாமா? துருவக் கரடிகளும் போய்விடுமா? வீட்டில் ஏசியை நிறுத்திவிட்டேன். அப்பாவுக்குக் கிரில் ஆயில் மாத்திரை வாங்கக் கடையில் நின்றபோதுகூடக் கண் கலங்கியது.

கவிதா

அன்புள்ள கவிதா,

மகளிடம் சொல்லுங்கள், ஏழு வயது போதும். கரடி வடதுருவத்து விஷயம், இன்னொரு நாள் பேசலாம். ஏசி உங்கள் விருப்பம்.

குஞ்சுகளின் கதை உங்களுக்கே தெரியும். உடம்பில் தண்ணீர் ஒட்டாத இறகு முளைக்க டிசம்பர், ஜனவரி ஆகிவிடும். அதுவரை காலுக்கடியில் பனி நிற்க வேண்டும். அந்த வருடம் நிற்கவில்லை. அப்பகுதியின் 5 கூட்டங்களில் 4-இல் ஒரு குஞ்சுகூடத் தப்பியிருக்க வாய்ப்பில்லை என்று பிரிட்டிஷ் அண்டார்டிக் ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சொன்னது. நீங்கள் அழுததில் தவறே இல்லை.

ஆனால் அந்தக் கடைசி வரி! கையில் எதை வைத்துக்கொண்டு அழுதீர்கள் என்று யோசித்தீர்களா? சில மாதங்களாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பது கிரில்தான், இறால் போன்ற அந்தச் சின்னக் கடல் உயிரி. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

பனி என்றால் எல்லோரும் மேல்பக்கத்தையே பார்க்கிறோம். கடல்நீர் உறையும்போது உப்பு வெளியேறி, பனிக்குள் உப்புநீர் ஓடும் நுண்ணிய வழிகள் உண்டாகின்றன. அங்கே பாசி வளர்கிறது. அடிப்பக்கம் பழுப்பேறிக் கிடக்கும். கிரில் கோடையில் முட்டையிடும். முட்டை நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கிப் பொரித்து, குஞ்சு மெல்ல மேலேறி வரும். வந்து சேர்ந்த கொஞ்ச நாளில் குளிர்காலம். வெயில் இல்லை, திறந்த கடலில் தீனி இல்லை. வளர்ந்த கிரில் பட்டினி கிடக்கும், உடம்பைச் சுருக்கிக்கொண்டுகூடப் பிழைக்கும். குஞ்சுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. பனியின் அடிப்பக்கம்தான் அதற்கு மேய்ச்சல் நிலம். தலைகீழாகத் தொற்றிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும்.

பனி பிந்தி உறைந்தால் இந்தக் குஞ்சுகள் செத்துப்போகும். எந்தச் செயற்கைக்கோள் அதைப் படம் எடுக்கும்? யார் அழுவார்கள்? முகம் இருக்கிற பிராணிக்குத்தான் நம் கண்ணீர் என்றால் அந்தக் கண்ணீரால் பெங்குவினுக்கே பயனில்லை. அது தின்பது கிரிலையும், கிரிலைத் தின்னும் மீனையும்தான்.

சேதம் அங்கேயே நிற்பதும் இல்லை. தெற்கு ஜார்ஜியாத் தீவின் கிரில் பெரும்பாலும் அங்கே பிறந்ததல்ல. அண்டார்டிக் தீபகற்பத்தின் பக்கமிருந்து நீரோட்டம் கொண்டுவந்து கொட்டுவது. தீபகற்பத்தில் பனி பொய்த்தால், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் மாக்கரோனி பெங்குவினும் ஃபர் சீலும் குட்டிகளுக்கு இரை தேடி அலையும்.

அதே கடலில்தான் வலையும் இறங்குகிறது. கிரில் பிடிப்பை ஒரே இடத்தில் குவியாமல் பல பகுதிகளுக்குப் பிரித்துவைத்த ஏற்பாடு 2024-இல் காலாவதியானது. கப்பல்கள் தீபகற்பத்தருகே குவிந்தன. 2025-இல் 6,20,000 டன் வரம்பு, பருவம் முடியும் முன்பே எட்டப்பட்டு, கிரில் பிடிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. முன்பு அப்படி நடந்ததே இல்லை. இதை முடிவுசெய்யும் ஆணையத்தில் இந்தியாவும் உறுப்பினர். எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டால்தான் அங்கே எதுவும் நகரும். நம் பிரதிநிதி அங்கே என்ன பேசினார் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு ஆத்திரமே அதுதான்.

பிடித்ததில் பெரும்பங்கு வளர்ப்பு மீன்களுக்குத் தீவனமாகப் போகிறது, மாத்திரை சிறு பங்குதான். அதனால் உங்கள் அப்பாவைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். அவர் உடம்பு முக்கியம். ஆனால் கிரிலில் இருக்கும் ஒமேகா-3 அது தின்ற பாசியிலிருந்து வந்ததுதான். வளர்த்தெடுத்த பாசியிலிருந்தே எடுத்த எண்ணெயும் கடைகளில் கிடைக்கிறது. அப்பாவுக்கு அது சரிப்படுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்