கடலோரம் ஒரு ஊர், போய்வர ஒரு சைக்கிள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சேலம் அஸ்தம்பட்டி பக்கம் குடியிருக்கிறேன். பள்ளி ஆசிரியர், அடுத்த ஆண்டு ஓய்வு. 28 வருடங்களாகப் பள்ளிக்கு சைக்கிளில்தான் போய்வருகிறேன். இப்போது ஐந்து ரோடு நெரிசலில் சைக்கிளை நுழைக்கவே முடியவில்லை, போன வருடம் இரண்டு முறை விழுந்துவிட்டேன். ஓய்வுக்குப் பிறகு கடலோரமாக, எல்லா வேலையையும் சைக்கிளிலேயே முடித்துக்கொள்ளக்கூடிய ஒரு ஊரில் போய் இருக்க ஆசை. மகன் புதுச்சேரி என்கிறான். என் மனைவிக்கு சுனாமி நினைவு போகவில்லை, கடல் என்றாலே பயப்படுகிறாள். நீங்கள் சில காலம் கடற்கரைப் பக்கம் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். எந்த ஊர் சரிப்படும்? கியர் சைக்கிள் வாங்க வேண்டியிருக்குமா?

சு., சேலம்

அன்புள்ள சு. அவர்களுக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணங்கள். காரைக்காலைப் போய்ப் பாருங்கள். பிடித்திருந்தால் கடலிலிருந்து மூன்று கிலோமீட்டராவது உள்ளே தள்ளி, ஊரின் மேற்குப் பக்கமாக வீடு பாருங்கள். கடலைப் பார்த்தபடி வீடு வேண்டும் என்ற ஆசை இருந்தால் அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

நான் அங்கே இரண்டு வருடம் இருந்தேன். கண்ணாங்குறிச்சியில் வளர்ந்தவனுக்குத் தண்ணீர் என்றால் மூக்கனேரிதான். அதனால் கடலைப் பார்த்த மயக்கத்தில் முதல் வீட்டை அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில் பிடித்தேன். மூன்றே வாரத்தில் சைக்கிள் செயின் சிவந்துவிட்டது. இரண்டாவது மாதம் பிரேக் கம்பி உறைக்குள் இறுகி, பிடித்தால் திரும்பி வராமல் நின்றது. மழைக்காலம் முடிந்து பார்த்தால் பின்சக்கரத்தில் இரண்டு போக்ஸ் கம்பிகள் தொட்டவுடன் ஒடிந்தன. கடற்காற்று உப்பைச் சுமந்து வரும் என்று எல்லோருக்கும் தெரியும்தான், ஆனால் அது ஜன்னல் கம்பியையும் கதவுக் கீலையும் பூட்டையும் என்ன செய்கிறது என்பதை ஒரு வருடம் கூட இருந்து பார்த்தால்தான் புரிகிறது. அடுத்த வீட்டை மேற்கே, வயலை ஒட்டிப் பிடித்தேன். அதே சைக்கிள், அதே ஊர், துரு பாதியாகக் குறைந்தது.

வீடு ஏன் மேற்கே இருக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் காற்று. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையைச் சுற்றி வாழ்கிற நாம் கடலோரம் என்றால் சமதளம், சமதளம் என்றால் சுலபம் என்று நினைத்துக்கொள்கிறோம். நீங்கள் ஏற்காடு மலைப்பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டாவது ஒரு முறை ஏறியிருப்பீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் பலகை, இன்னும் எத்தனை மிச்சம் என்று தெரிந்துவிடும். இறங்கும்போது பெடலைத் தொடவே வேண்டாம், ஏறியதற்கான கூலி கையோடு கிடைத்துவிடும். எதிர்காற்றில் அப்படி எதுவும் கிடையாது. சாலை தட்டையாக, நேராக, கண்ணுக்கெட்டிய தூரம் தெரியும், கால் மட்டும் மலை ஏறிக்கொண்டிருக்கும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நீங்கள் மிதிக்கும்போது எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், காற்று உங்களைத் தடுக்கும் விசை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தைப் போலக் கூடும் என்று நீங்களே வகுப்பில் சொல்லியிருக்கலாம்.

ஆனால் கடற்காற்றுக்கு ஒரு நேரக் கணக்கு உண்டு, அதைத் தெரிந்துகொண்டால் அதுவே துணை. இரவில் நிலம் சீக்கிரம் ஆறிவிடும், கடல் அவ்வளவு சீக்கிரம் ஆறாது. அதனால் விடியற்காலையில் காற்று மெல்ல நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகும். வெயில் ஏறி நிலம் சுட்ட பிறகு, நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வரும். நம் கிழக்குக் கரையில் கடல் கிழக்கே, ஆக உங்கள் வீடு கடைத்தெருவுக்கு மேற்கே இருந்தால் காலையில் பால், காய்கறி, மீன் வாங்கப் போகும்போது நிலக்காற்று முதுகைத் தள்ளும், வெயில் ஏறிப் பாரத்தோடு திரும்பும்போது கடற்காற்று முதுகைத் தள்ளும். இரண்டாவது வீட்டுக்கு மாறிய பிறகுதான் இதைக் கண்டுகொண்டேன். எல்லா மாதமும் இப்படி இருக்காது. ஆனி ஆடியில் மேல்காற்று பலமாக இருந்தால் கடற்காற்று பிந்தித்தான் வரும், சில நாள் வராமலே போகும், அன்றைக்கு வெயில் தாங்காது. ஐப்பசி கார்த்திகையில் வாடை. அந்த இரண்டு மாதம் எந்தத் திசையில் போனாலும் கொஞ்சம் போராட்டம்தான்.

உங்கள் மனைவியின் பயத்துக்கும் இதே மேற்குதான் பதில். 2004 டிசம்பர் 26 அன்று அந்தக் கரையில் நடந்ததை அங்கே போனால் இன்றைக்கும் யாராவது ஒருவர் சொல்வார், கேட்டுவிட்டுத் தூங்க முடியாது. அலை உள்ளே வந்த தூரம் இடத்துக்கு இடம் மாறியது, ஆற்று முகத்துவாரங்கள் வழியாக இன்னும் உள்ளே புகுந்தது. அதனால் கடலிலிருந்து மட்டுமல்ல, அரசலாற்றங்கரையிலிருந்தும் தள்ளியே வீடு பாருங்கள். மனைவியை சமாதானப்படுத்த முயலாதீர்கள், அந்தப் பயம் நியாயமானது. வீட்டை அவர்களே தேர்வு செய்யட்டும். அப்புறம் புயல். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது, 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் பக்கம். கடலோரம் குடியேறுகிறவர்கள் கார்த்திகை மாதத்தில் அரிசி, மெழுகுவர்த்தி, குடிதண்ணீர் சேர்த்து வைத்துக்கொள்ளும் வீட்டுப் பழக்கத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

சரி, புதுச்சேரி ஏன் வேண்டாம் என்கிறேன்? வேண்டாம் என்று இல்லை. கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகளை விடுவதில்லை, பழைய பிரெஞ்சுப் பகுதியின் நேர்த்தெருக்களில் சைக்கிள் ஓட்டுவது உண்மையிலேயே சுகம், வாடகை சைக்கிளும் கிடைக்கும். ஆனால் அந்தத் தெருக்களில் நம்மால் வாடகை கொடுத்து இருக்க முடியாது. கட்டுப்படியாகிற வாடகைக்கு வீடு பார்த்தால் பெரிய சிலைச் சந்திப்புகளுக்கு அந்தப் பக்கம்தான் கிடைக்கும், அங்கிருந்து ஊருக்குள் வருவது நீங்கள் விட்டுவிட்டு ஓட நினைக்கிற ஐந்து ரோட்டை விடச் சுலபம் இல்லை. சனி ஞாயிறு வெளியூர்க் கார்கள் வேறு. மகனிடம் இதைச் சொல்லுங்கள்: சுற்றிப் பார்க்கப் போகிறவனின் புதுச்சேரி வேறு, தினமும் காய்கறி வாங்கப் போகிறவனின் புதுச்சேரி வேறு.

மாமல்லபுரம் கிழக்குக் கடற்கரைச் சாலையின் வேகத்தில் மாட்டிக்கொண்ட ஊர். தூத்துக்குடி தட்டையானது, மழை குறைவு, உப்பளங்களுக்கு நடுவே காலை ஆறு மணிக்கு ஓட்டினால் மறக்கவே முடியாது, ஆனால் துறைமுக லாரிகளோடு சாலையைப் பங்கு போட வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை வரை இரண்டு பக்கமும் கடல் பார்த்தபடி போகலாம். ஒரு முறை போய்விட்டு வாருங்கள், குடியிருக்க வேண்டாம். தரங்கம்பாடியைப் பற்றி எழுதும்போதே மனம் இளகுகிறது. 1620இல் டென்மார்க்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, அதற்கு முன்னால் அகலமான அமைதியான ஒரு தெரு, அவ்வளவுதான் ஊரே. ஆனால் பெரிய வேலை எது என்றாலும் காரைக்காலுக்கோ மயிலாடுதுறைக்கோ போக வேண்டும். நம் வயதில் மருத்துவமனை சைக்கிள் தூரத்தில் இருக்க வேண்டும்.

காரைக்காலில் இருக்கிறது. மார்க்கெட், வங்கி, தபால் நிலையம், ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டினாற்போல இரண்டு மூன்று கிலோமீட்டர் வட்டத்துக்குள். ஊரிலிருந்து கடற்கரைக்கு அரசலாற்றை ஒட்டிச் சுமார் இரண்டு கிலோமீட்டர். எதிர்ப்பக்கம் ஐந்து கிலோமீட்டரில் திருநள்ளாறு, அந்த வழியில் சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள், சனீஸ்வரனைப் பார்க்க வரும் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டிருக்கும். காவிரிப் பாசனத்தின் கடைமடை அது, வாய்க்கால் கரைப் பாதைகளில் தண்ணீர் ஓடும் மாதங்களில் போனால் நேரம் போவதே தெரியாது. இன்னொன்றும் சொல்கிறேன். மாம்பழத்துக்குப் பேர்போன ஊரிலிருந்து போகிறீர்கள். காரைக்கால் அம்மையார் கதையில் வரும் மாங்கனியை வைத்து ஆனிப் பௌர்ணமியை ஒட்டி அங்கே திருவிழா நடக்கும், வீதியுலா வரும் பிச்சாண்டவருக்கு மக்கள் மாடியிலிருந்து மாம்பழம் எறிவார்கள். அந்தத் தெருவில் நின்றபோது எனக்கு அந்நியமான ஊரில் இருப்பதாகவே தோன்றவில்லை.

குறைகளும் உண்டு. தெற்கே துறைமுகம் போகும் வழியில் நிலக்கரி லாரிகள். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர் வழியாக நாகப்பட்டினம் போகும் சாலையை நான்கு வழியாக்கும் வேலையைத் தொடங்கினார்கள். நடுவில் தடுப்புச் சுவர் வந்துவிட்டால் சைக்கிள்காரனுக்கு என்ன ஆகும் என்று சீலநாயக்கன்பட்டி, கொண்டலாம்பட்டி பக்கம் பார்த்தவர் நீங்கள். எதிரே தெரிகிற கடைக்குப் போக ஒரு கிலோமீட்டர் சுற்ற வேண்டும், முடியாமல் தவறான திசையில் ஓட்டுவோம், அங்கேதான் அடிபடுகிறோம். வீடு, கடை, ஆஸ்பத்திரி மூன்றும் நெடுஞ்சாலைக்கு ஒரே பக்கம் இருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அப்புறம், அது புதுச்சேரி அரசின் கீழ் வரும் ஊர் என்பதால் குடும்ப அட்டை முதற்கொண்டு புதிதாக மாற்ற வேண்டியிருக்கும்.

ஒரு ஊர் சைக்கிளுக்கு ஏற்றதா என்று பார்க்க நான் செய்வது இதுதான். பள்ளிவிடும் நேரத்தில் பெரிய தெருவில் ஒரு டீக்கடை வாசலில் அரைமணி நேரம் நிற்பேன். அரசு கொடுத்த சைக்கிளைப் பிள்ளைகள், முக்கியமாகப் பெண்பிள்ளைகள், ஓட்டிக்கொண்டு வருகிறார்களா, அல்லது எல்லோரும் அப்பாவின் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து போகிறார்களா? 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அந்த மாவட்டத்துச் சாலையில் அதற்கென்று தனிப்பாதை எதுவும் போட்டிருக்கவில்லை, ஆனால் அத்தனை பெண்கள் ஓட்டும்போது மற்ற வண்டிகள் வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். இன்னொரு சோதனை, பஞ்சர் ஒட்டுகிற கடை அல்ல, சக்கரத்தின் கோட்டம் எடுக்கத் தெரிந்த ஒரு கை அந்த ஊரில் இருக்கிறதா என்பது. மீன் கூடையைக் கேரியரில் கட்டிப் போகிறவர்களிடம் கேட்டால் கடையைக் காட்டுவார்கள்.

ஓய்வு பெற்றவுடன் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகாதீர்கள். பெங்களூரிலிருந்து காரைக்கால் போகும் ரயில் சேலம் வழியாகத்தான் போகிறது. ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் கேட்டு உங்கள் சைக்கிளையும் அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டு, மே மாதம் ஒரு வாரம், நவம்பரில் ஒரு வாரம் போய் லாட்ஜில் தங்குங்கள். இரண்டு பேரும் போங்கள். தினமும் மார்க்கெட், வங்கி, ஆஸ்பத்திரி என்று அங்கே குடியிருப்பது போலவே சுற்றுங்கள். ஜனவரியில் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு முடிவு எடுக்காதீர்கள், ஜனவரியில் எல்லாக் கடற்கரையும் நன்றாகத்தான் இருக்கும்.

கியர் சைக்கிள் தேவையில்லை. முழு செயின் கவர் வைத்த பழைய மாதிரி சைக்கிள்தான் அந்தக் காற்றுக்கு நல்லது, உப்பும் மணலும் செயினை எட்டாது. திறந்த செயினும் பல அடுக்குப் பல்சக்கரமும் இருந்தால் வாரம் தவறாமல் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எதிர்காற்றுக்காக முன்பல்சக்கரத்தை மட்டும் கொஞ்சம் சின்னதாக மாற்றிக்கொள்ளுங்கள். போக்ஸ் கம்பியைத் துருப்பிடிக்காத எஃகில் போட்டுவிடுங்கள். சீட்டுக் குழாயைக் கழற்றி உள்ளே கிரீஸ் தடவுங்கள், இல்லாவிட்டால் இரண்டு வருடத்தில் பிரேமோடு ஒட்டிக்கொள்ளும், எனக்கு ஒட்டிக்கொண்டது. கடற்கரைக்குப் போய்வந்த அன்றே ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்து, காய்ந்த பிறகு இரண்டு சொட்டு எண்ணெய்.

அந்த சைக்கிளைத்தான் இன்னும் ஓட்டுகிறேன். ஞாயிறு காலை ஆறரைக்கு மூக்கனேரிக் கரையில் இருப்பேன், அஸ்தம்பட்டியிலிருந்து உங்களுக்குப் பத்து நிமிடம். ரிம்மில் எந்த இடத்தில் முதலில் துரு பிடித்தது என்று காட்டுகிறேன், உங்கள் சைக்கிளையும் பார்த்துவிடலாம்.

அன்புடன்